பேசு பேனா

1

"பேனை பிடிச்ச கையால இஞ்ச என்ன செய்யப் போறீர்?"

நான் சுவிசுக்கு வந்த மறுநாள் காலை, சூரிச்சுக்குப் பக்கத்து ஊஸ்டரில் எங்கள் குசினியில் நின்றுகொண்டு மச்சாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. மச்சாள் என் கணவரின் அக்கா. எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. என் கணவர் இந்த நாட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே வந்து, பனியில் நடந்து, வழுக்கி விழுந்து, எழும்பிப் பழகியவர். கேள்வியை அவர் கோபமாகக் கேட்கவில்லை. உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே, மழை வருமோ என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார். ஊர்ப் படிப்பு இங்கே செல்லாது என்பதை முதல் நாளே சொல்லிவைத்தால் பிறகு அழமாட்டேன் என்று நினைத்திருக்கலாம்.

 அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு பேனை வாங்கியது எனக்காகத்தான். அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். அம்மா கூலி வேலைக்குப் போனவர். இரண்டு பேருக்கும் கையெழுத்து என்றால் பெருவிரல். நான் உயர்தரம் படித்து, கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக நின்றேன். அந்தப் பள்ளிக்கூட வாசலைக் கடக்கும்போதெல்லாம் அப்பா சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு போவார். கோயிலடியில் மட்டும்தான் அவர் அப்படிச் செய்வார்.

ஆகவே எனக்குப் பெருமை உண்டு. அதை ஒளித்து எழுதப் போவதில்லை.

இந்த மாதத்தோடு நான் வந்து ஏழு வருடம். மச்சாளின் கேள்விக்கு இப்போதுதான் மறுமொழி கிடைத்திருக்கிறது. தேடித் தந்தவள் ஒரு பிரேசில் நாட்டுக்காரி. அவளுடைய தொழில், கூண்டுக்குள் நின்று ஆட்களை அடிப்பது.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு முதலில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். இந்த நாட்டில் பட்டாளத்துக்குப் போனவர்கள் துவக்கை வீட்டு அலுமாரிக்குள் வைத்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்த வீட்டுக்காரரின் முறை நாளில் உடுப்புத் தோய்த்தால் அது பெரிய குற்றம். கட்டடத்துக்கு ஒரு சலவை அறை, நிலத்துக்குக் கீழே. யாருக்கு எந்த நாள் என்று சுவரில் ஒட்டியிருக்கும். கல்யாண நாளை மறந்தாலும் அந்த நாளை மறக்க முடியாது.

என்னுடைய நாளில் ஒருமுறை கீழே இறங்கினேன். மகள் ஆதிரையும் கூட வந்தாள். அவளுக்கு ஐந்து வயது. இயந்திரத்துக்குள் யாருடையதோ துணி சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். குட்டையான, அகன்ற, இறுகிய பெண். காது இரண்டும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்தவள். என்னைக் கண்டதும் டொச்சில், அதாவது ஜேர்மன் பாஷையில், என்னை விட மோசமாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆதிரையிடம் தமிழில் சொன்னேன்: "எல்லாம் துவாய். இவ்வளவு துவாயை வைச்சு ஆரைத் துடைக்கிறாளோ தெரியாது."

அவள் மன்னிப்பை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "தோவாலியா?" என்றாள்.

"துவாய்" என்றேன்.

இயந்திரத்தைத் திறந்து ஈரத் துவாய் ஒன்றை இழுத்து நீட்டி, "தோவாலியா!" என்றாள். நான் யன்னலைக் காட்டி "யன்னல்" என்றேன். அவள் "ஜனேலா" என்றாள். காலைக் காட்டினேன். சப்பாத்து. அவளும் சப்பாத்து என்றாள், அச்சொட்டாக. ஆதிரை படிகளில் ஏறி ஓடிப்போய்க் கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவரத் தொடங்கினாள். கோப்பை. விசுக்கோத்து. கடைசியில் தான் ஏறி இருக்கிற கதிரையையே இழுத்துக்கொண்டு வந்தாள். "கதிரை" என்றேன். "கடேய்ரா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்தாள். விலா நொந்தது.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டினார்கள், கோயிலை இடித்தார்கள் என்று நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். போகும்போது வீட்டுத் தளபாடம் முழுவதையும் நம்முடைய வாய்க்குள் விட்டுவிட்டுப் போனார்கள் என்று புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. அதே ஆட்கள் பிரேசிலுக்கும் போய் அதே தளபாடத்தை அங்கேயும் இறக்கியிருக்கிறார்கள். மேசை, குசினி, அலுமாரி, பாண், வாங்கு எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. வினைச்சொல் மட்டும் ஒன்றுகூட இல்லை. நானும் அவளும் சேர்ந்து ஒரு தளபாடக் கடை திறக்கலாம். ஒரு வசனம் கதைக்க முடியாது.

என்ன வேலை செய்கிறாய் என்று டொச்சில் கேட்டேன். அவள் முஷ்டியை மடக்கிக் காட்டி, நெஞ்சில் தட்டி, "பேசு பேனா" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. கதைப்பதற்குத்தான் கதைப்பது. ஆகவே அவள் ஒரு பேனையைப் பார்த்து, ஏசு என்று கட்டளையிடுவதாக எனக்கு விளங்கியது. பிறகு கைபேசியில் தேடிப் பார்த்தேன். பேசு என்றால் எடை. பேனா என்றால் இறகு. இறகு எடைப் பிரிவில் சண்டை பிடிப்பவள். இறகைச் சீவித்தான் ஒரு காலத்தில் எழுதினார்கள், அந்த இறகுதான் நம்முடைய பேனை. நான் சலவை அறை வாங்கில் இருந்து அதைத் திரும்பவும் வாசித்தேன். அப்பா பரந்தன் சந்தையில் வாங்கி மடியில் செருகிக்கொண்டு வந்த பேனையும் இந்தப் பெண்ணின் கூண்டுச் சண்டையும் ஒரே சொல்.

அன்றைக்கு என் உடுப்பு தோய்படவே இல்லை.

3

அவள் பெயர் வால்டெனீசி. மச்சாள் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் "வசந்தி" என்றார். அன்றிலிருந்து கட்டடம் முழுவதும் அவள் வசந்திதான். அவளும் அதை விரும்பினாள். தன் பயிற்சிப் பையில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதித் தரச்சொல்லிக் கேட்டாள். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அவளுடைய கதையைச் சலவை அறையில், உடைந்த டொச்சில், துண்டு துண்டாகக் கேட்டேன். பிரேசிலின் வடகிழக்கில் வெயில் கொளுத்துகிற ஒரு ஊர். அண்ணன் சண்டை வகுப்புக்குப் போய், காது நோகிறது என்று உடனேயே நின்றுவிட்டான். அவனுக்குத் தைத்த வெள்ளை உடுப்பு வீணாகப் போகிறதே என்று தாய் அதை இவளுக்குப் போட்டு அனுப்பினாள். அவ்வளவுதான் தொடக்கம். முதல் போட்டி ஒரு பெரிய கடையின் வாகனத் தரிப்பிடத்தில். பரிசு ஒரு காஸ் அடுப்பு. மூக்கு உடைந்தாலும் வென்றாள். அடுப்பை பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் அடுப்புக்கு இருக்கை கொடுத்து இவளை நிற்கவைத்தானாம். வீட்டில் தாய் இவளுடைய மூக்கைப் பார்க்கவில்லை. அடுப்பைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடுத்த போட்டிக்குப் பரிசு குளிர்சாதனப் பெட்டி. அதில் தோற்றாள். அந்தப் பெட்டியின் நிறம் என்ன, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று இன்றைக்கும் சொல்வாள்.

பிறகு பெரிய நகரங்கள், பிறகு போர்த்துக்கல், பிறகு சுவிசின் கூர் நகரத்து ஆள் ஒருவன் மேல் காதல். காதல் முடிந்தது, வதிவிட அனுமதி மிஞ்சியது. பகலில் சூரிச்சில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறாள். பின்னேரத்தில் பயிற்சி.

இந்தச் சண்டையில் குத்தலாம், உதைக்கலாம், கட்டிப்பிடித்து விழுத்தலாம், கையை முறுக்கலாம். கடிக்க மட்டும் கூடாது. அறுபத்தாறு கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் இறகு எடை. பெண்களில் அந்த எடைக்கு ஆள் கிடைப்பது அரிது. ஒப்பந்தமான எதிராளிகளில் ஒருத்தி கல்யாணம் கட்டிப் போய்விட்டாள். ஒருத்தி பொலிசில் சேர்ந்தாள். ஒருத்தி மரக்கறிக்கு மாறி, இனிமேல் எந்த உயிரையும் நோகடிக்கமாட்டேன் என்று அறிவித்தாள். வந்து நின்றவர்களில் பெரும்பாலானவர்களை வசந்தி வென்றிருக்கிறாள். ஆனால் கடைசி இரண்டும் தோல்வி. வயதும் முப்பத்தைந்து. நடத்துகிறவர்கள் இன்னும் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார்கள், கூரில். அதில் தோற்றாலோ, எடை கூடிவந்தாலோ ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

"முடிஞ்சால் பிறகு?" என்று கேட்டேன்.

அவள் ஹோட்டல்காரர் தோய்க்கக் கொடுத்த துணி மலையைக் காட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த சொல்லில் சொன்னாள். "துவாய்."

4

இந்த நேரத்தில்தான் ஆதிரை ஒரு வேலை பார்த்தாள்.

கிண்டர்கார்டன் தொடங்கியதில் இருந்து நான் தமிழில் கேட்டால் அவள் சுவிஸ் டொச்சில் மறுமொழி சொல்வாள். "சாப்பிட்டியோ?" என்றால் அதற்கும் அந்தத் தொண்டையைக் காறுகிற பாஷையில்தான் பதில். வசந்தி வந்த பிறகு எல்லாம் மாறியது. கதிரை என்பாள், குசினி என்பாள், படிகளில் நின்று சப்பாத்து என்று கத்துவாள். எனக்குச் சந்தோஷம். பிள்ளை தமிழுக்குத் திரும்பிவிட்டாள் என்று அப்பாவுக்கும் தொலைபேசியில் சொன்னேன்.

கிண்டர்கார்டன் ரீச்சர் எங்களை ஒரு சந்திப்புக்குக் கூப்பிட்டார். என் கணவரும் நானும் போனோம். ரீச்சருக்குப் பக்கத்தில் நரைத்த முடியோடு ஒரு அம்மையார் இருந்தார். எங்களைக் கண்டதும் மளமளவென்று ஒரு பாஷையில் கதைக்கத் தொடங்கினார். அதில் எனக்கு விளங்கியது மேசை மட்டும்தான். என் கணவர் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டி "ஓம், ஓம்" என்றார். அவர் வேலை செய்கிற உணவகத்தில் அப்படித்தான் பழக்கம்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. வீட்டில் என்ன பாஷை என்று ரீச்சர் கேட்க, ஆதிரை "பிரேசில் பாஷை" என்று சொல்லியிருக்கிறாள். ரீச்சர் கவனமான மனுசி. மேசைக்கு என்ன சொல்வாய், யன்னலுக்கு என்ன சொல்வாய் என்று விசாரித்து, அகராதியில் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கக் கண்டு, எங்களுக்காகப் போர்த்துக்கேய மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்திருக்கிறார்.

நாங்கள் தமிழர் என்று டொச்சில் சொன்னேன். ரீச்சர் என்னை நம்பவில்லை. தன் குறிப்பைப் பார்த்து, "அப்படியென்றால் விசுக்கோத்து?" என்று கேட்டார். நான் விளக்கப்படுத்தினேன். மொழிபெயர்ப்பாளர் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இன்னும் சொல், இன்னும் சொல் என்று கேட்டு, பேனையால் ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டார்.

அந்தப் பேனையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பேனையோடு இருந்து சொற்களை அங்கேயும் இங்கேயும் கொண்டுபோவது ஒரு தொழில் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நம்முடைய ஆட்கள் வைத்தியரிடம் போனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் வலிக்கிற இடத்தைக் காட்டுவார்கள். இதற்கு என்ன படிக்கவேண்டும் என்று கேட்டேன். சூரிச்சில் ஒரு பயிற்சி நெறி இருக்கிறது, தமிழ் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள், டொச் நன்றாக வேண்டும், முன் அனுபவம் இருந்தால் நல்லது என்றார்.

திரும்பி வரும்போது என் கணவர் யோசித்துவிட்டுக் கேட்டார். "முன் அனுபவத்தை எங்கயப்பா எடுக்கிறது? அனுபவம் இல்லாமல் வேலை தரமாட்டினம், வேலை இல்லாமல் அனுபவம் வராது."



5

வசந்தியின் பயிற்சியாளர் உவெலி கூர்க்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை அந்த மலைப்பக்கத்து டொச். வசந்திக்கு அது ஆடு கத்துவது போலத்தான் கேட்கும். முன்பு ஒரு போர்த்துக்கேயச் சிநேகிதி கூண்டு ஓரத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கிறாள். அவள் ஜெனீவாவுக்குக் குடிபோய்விட்டாள். ஆள் ஒருவரைக் கொண்டுவா, இல்லாவிட்டால் சுற்றுக்கு நடுவில் நான் சொல்வது உனக்கு விளங்காது, தோற்றுவிடுவாய் என்று உவெலி சொல்லிவிட்டார்.

வசந்தி வந்து எங்கள் கதவைத் தட்டி என் நெஞ்சில் விரலை வைத்தாள். எனக்குப் போர்த்துக்கேயம் தெரியாது என்றேன். "மேசை, கதிரை" என்றாள். அது போதும் என்பது அவளுடைய முடிவு.

அதன் பிறகு சலவை அறையில் பாடம் நடந்தது. பயிற்சியில் உவெலி சொல்வதை நான் கேட்டுக்கொண்டு வருவேன். கிண்டர்கார்டன் வாசலில் ஒரு வருடத்துக்கு மேல் நின்று பழகிய காது எனக்கு. பிறகு அதைத் தளபாடமாக மாற்றுவேன். எதிராளி அலுமாரி. முகத்துக்கு முன்னால் கை இறங்கினால் யன்னல் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். வயிறு குசினி. காலில் உதைக்க வேண்டுமானால் சப்பாத்து. வசந்தி ஒரு நாளில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். நான் படிப்பித்த எந்தப் பிள்ளையும் அவ்வளவு கெதியாகப் பிடித்ததில்லை.

அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தபோது இதைச் சொன்னேன்.

"ஆரோட சண்டை, பிள்ளை?" என்றார்.

"ஒரு ஜேர்மன்காரியோட, அப்பா."

"என்ன பிரச்சினை அவேக்குள்ள?"

"பிரச்சினை ஒண்டுமில்லை. இவவுக்கு அவவைத் தெரியாது."

"தெரியாத ஆளோட ஏன் சண்டை பிடிக்கிறா?"

மணி அடித்துத் தொடங்குகிற விளையாட்டு அது என்றேன். எங்கள் பக்கத்தில் சண்டை என்ற சொல்லுக்கு அப்பாவுக்கு ஒரே அர்த்தம்தான். அது தொடங்கினால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடவேண்டும். ஆகவே அவர், "மணி அடிச்சால் நிப்பாட்டுவினமோ?" என்று கேட்டார். நிப்பாட்டுவினம் என்றேன். "அப்ப பறவாயில்லை. நல்ல சண்டைதான்" என்றார்.

பெரிய சிக்கல் மச்சாளால் வந்தது. எடை குறைக்க வசந்தி சாப்பாட்டைக் குறைத்திருந்தாள். மச்சாளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் இல்லத்து முதியவர்களுக்கே மறந்துபோனாற்போல இரண்டாம் தரம் பரிமாறுகிறவர். சோறு வேண்டாம் என்றால் கஞ்சியோடு வந்தார். ரசம் வெறும் தண்ணிதானே என்றார். ஒருநாள் உழுந்து வடையோடு கீழே போனவரைப் படியில் மறித்தேன்.

"இது பாரமோ? நடுவில ஓட்டை கிடக்கு, பாரும்" என்றார்.

வசந்திக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. எங்களுக்குப் பொதுவான சொற்களில் அது இல்லை.

6

எடை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள். கூரில் ஒரு மண்டபம். முந்தின வாரம் அங்கே பாலாடைக்கட்டிச் சந்தை நடந்திருக்கவேண்டும், மணம் போகவில்லை. நான், என் கணவர், ஆதிரை, உவெலி, ஒரு குளிர்ப்பெட்டி நிறைய இடியப்பமும் சொதியுமாக மச்சாள். உவெலியோடு வழக்கமாக வருகிற பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். ஆகவே சுற்றுக்கு நடுவில் வசந்தி இருப்பதற்குக் கதிரை தூக்கும் பொறுப்பு என் கணவருக்கு. அவர் அதைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார்.

தராசில் வசந்தி ஏறினாள். முள் அறுபத்தாறைக் கொஞ்சம் தாண்டி நின்றது. உவெலியின் முகம் வெளுத்தது. மச்சாள் மேற்கூரையைப் பார்த்தார். வடை எல்லோருக்கும் ஞாபகம் வந்தது, யாரும் சொல்லவில்லை.

அப்படி நேர்ந்தால் ஒரு வழி உண்டு. உடுப்பு முழுவதையும் கழற்றிவிட்டு ஏறலாம். மறைப்புக்கு நாலு பக்கமும் துவாய் பிடிப்பார்கள். "துவாய்!" என்றாள் வசந்தி. நானும் மச்சாளும் ஆளுக்கொரு துவாயை விரித்துப் பிடித்தோம். மச்சாள் ஊரில் குளிக்கிற பெண்பிள்ளைக்குக் காவல் நிற்பது போல் வெளியே திரும்பி நின்று அதிகாரிகளை முறைத்தார்.

இன்னும் ஒரு மயிரிழை கூட. அவ்வளவுதான். ஒரு மயிரிழையில் ஒரு தொழில்.

மச்சாள் மெதுவாகத் திரும்பினார். வசந்தியின் இடுப்பைப் பார்த்தார். அங்கே கறுப்புக் கயிறும், அதில் பெருவிரல் பருமனில் ஒரு செப்புத் தாயத்தும். போன வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கூட்டிக்கொண்டுபோய் அவரே கட்டியது.

"கழட்டக் கூடாது" என்றார் என்னிடம், மிக மெல்ல. "கழட்டினால் காவல் இல்லை."

"கழட்டாட்டி சண்டையே இல்லை, மச்சாள்."

அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். "அம்மாளாச்சி, குறை நினையாத. நீ கொஞ்சம் பாரம்" என்று சொல்லிக் குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். துவாய்க்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த உவெலிக்கு என்ன விளங்கியதோ தெரியாது, தொப்பியைக் கழற்றினார்.

அறுபத்தாறுக்குக் கீழே. தாயத்தை மச்சாள் தன் சங்கிலியில் கொளுவிக்கொண்டார். பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்தார். வசந்தி தின்னத் தொடங்கியதை நான் வர்ணிக்கப் போவதில்லை. இடியப்பம் மிஞ்சவில்லை.

7

அலுமாரி உண்மையிலேயே அலுமாரிதான். வசந்தியை விட ஒரு தலை உயரம். முதல் சுற்றில் வசந்திக்கு நல்ல அடி. நான் கம்பி வேலிக்கு வெளியே நின்று "யன்னல்! யன்னல்!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த சுவிஸ்காரர் ஒருவர் எழும்பி மண்டபத்தின் யன்னலைச் சாத்திவிட்டு வந்தார். அவர் எந்த ஊரில் அந்தச் சொல்லைக் கற்றாரோ.

மணி அடித்தது. வசந்தி மூலைக்கு வந்தாள். கதிரை இல்லை. என் கணவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். உவெலி போட்ட சத்தம் எந்தப் பாஷையிலும் விளங்கும். கதிரை வந்தது. உவெலி சொன்னார், நான் சொன்னேன்: யன்னலைச் சாத்து, குசினியில் குத்து, சப்பாத்தை மறவாதே.

இரண்டாம் சுற்றில் குசினியில் நாலைந்து விழுந்தது. அலுமாரி ஆடியது. இப்போது ஆளுக்கொரு சுற்று. மூன்றாவதுதான் கடைசி.

அதில் பாதிக்கு மேல் போனபோது வசந்தி களைத்துப்போனாள். அலுமாரி அவளை வேலியோடு, எங்கள் மூலைக்கு நேரே, சேர்த்து அமத்திக்கொண்டு நின்றது. நேரம் போய்க்கொண்டிருந்தது. இப்படியே முடிந்தால் வெற்றி அலுமாரிக்கு. வசந்தியின் முகம் கம்பிக்கு அந்தப் பக்கம், என் கைக்கெட்டிய தூரத்தில். கன்னத்தில் கம்பியின் அச்சு. அவள் என்னைப் பார்த்தாள். நான் உவெலியைப் பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போதுதான் பின்னால் ஏதோ கிறீச்சிட்டது. திரும்பினால், என் கணவர் சண்டை மறைக்கிறது என்று கதிரைக்கு மேல் ஏறி நிற்கிறார். கதிரை ஒரு காலில் ஆடுகிறது. அவருக்குக் கீழே ஆதிரை.

நான் என் தொண்டையின் முழுப் பலத்தோடும் கத்தினேன். "கதிரை! கதிரை!"

கம்பிக்கு அந்தப் பக்கம் வசந்தியின் கண் பெரிதானது. அவள் இடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்றி அலுமாரிக்குக் கீழே செருகினாள். அலுமாரி நிலத்தை விட்டுக் கிளம்பியது. மேலே போனது. ஒரு வட்டம் அடித்து விழுந்தது. மண்டபம் அதிர்ந்தது. அதே நேரம் பின்னால் என் கணவரும் விழுந்தார், நல்லவேளை ஆதிரை மேல் இல்லை. நான் அவரைப் பார்ப்பதா, இதைப் பார்ப்பதா? இதைத்தான் பார்த்தேன். வசந்தி அலுமாரியின் கையைப் பிடித்து முறுக்க, அலுமாரி மற்றக் கையால் தரையைத் தட்டியது. தட்டினால் தோற்றதாக அர்த்தம்.

உவெலி என் தோளைப் பிடித்து உலுக்கினார். இடுப்பால் எறிகிற இடம் திறந்திருந்ததைத் தான் காணவில்லை, நீ எப்படிக் கண்டாய் என்று கேட்டார். நான் விழுந்து கிடந்த என் கணவரிடம் ஓடினேன். எனக்குப் பதிலாக மச்சாள் முன்னுக்கு வந்தார். இவ்வளவு காலமும் சமையலறைக்குள் மட்டும் கதைத்த தன்னுடைய டொச்சில், மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"அவள் படிச்ச பிள்ளை."

8

உண்மை வீடு திரும்புகிற ரெயினில் வெளிவந்தது. எப்படித் தெரியும் என்று வசந்தியும் கேட்டாள். என் கணவர் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார், அவரைக் காட்டினேன். அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். விளங்கியதும் சிரித்து, எழும்பி நின்று, இரண்டு கையாலும் தன் இடுப்பில் அடித்துக் காட்டினாள். அவளுடைய ஊரில் கதிரைக்கு இன்னொரு அர்த்தம் இடுப்பு. தாய் அடுப்படியில் நின்று நின்று கதிரை நோகிறது, கதிரை நோகிறது என்று முனகுவாளாம். நான் மனுசனை இறங்கச் சொன்னேன். அவளுக்குத் தாயின் இடுப்பு கேட்டிருக்கிறது.

மச்சாள் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் கதிரைதான் நோகுது" என்றார். ஆதிரை அதை உடனே திருத்தினாள். "இல்லை மாமி, அது தமிழ்ச் சொல்லு. கதிரை எண்டால் இருக்கிறது." முழுவதும் தமிழில் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லாமல் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், சொன்னால் நிற்பாட்டிவிடுவாளோ என்ற பயத்தில்.

வசந்தியின் ஒப்பந்தம் நீடித்திருக்கிறது. அடுத்த சண்டை பாசல் நகரத்தில். வடைக்குத் தடை என்று மச்சாளே தன் குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறார். எழுதிக் கொடுத்தது நான். அப்பா ஊரில் எல்லோருக்கும், என் மகள் ஒரு சொல்லால் ஆளை விழுத்தினவள் என்று சொல்லித் திரிகிறாராம். அவர் சொன்னதில் பாதி உண்மைதான்.

போன சனிக்கிழமை காலை நான் படியிறங்கும்போது மேலேயிருந்து மச்சாளின் குரல் கேட்டது. சாப்பாடு எடுத்தீரோ, குடை எடுத்தீரோ என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"பேனை எடுத்தனீரோ?" என்று கேட்டார்.

எடுத்தேன் என்றேன். ரெயின் பிடித்து சூரிச்சுக்குப் போனேன். மொழிபெயர்ப்பாளர் பயிற்சியின் முதல் வகுப்பு அன்றைக்குத்தான். பல நாட்டுப் பெண்கள் வட்டமாக இருந்தோம். நடத்துகிறவர் ஒவ்வொருவரிடமும், முன் அனுபவம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வந்தார். வைத்தியசாலையில் என்றாள் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் என்றாள் இன்னொருத்தி. என் முறை வந்தது.

இருக்கிறது என்றேன்.

எங்கே என்று கேட்டார்.

"கூரில்" என்றேன். "கூண்டோரத்தில்."